அட்டாரி 2600 கன்சோலில் சிப் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டாரி 2600 வீடியோ கேம் கன்சோல் 1977 செப்டம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்றும் உறவினர் வீட்டுப் பரணிலிருந்தோ இணைய ஏலத்திலிருந்தோ ஒரு பெட்டி கைக்கு வந்து, அது வேலை செய்யாதபோது பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: எந்தச் சிப்பை வாங்கி மாற்ற வேண்டும்? அப்படிக் கேட்பவர்களில் பாதிப் பேர் சிப்பை ஏற்கெனவே வாங்கிவிட்டுத்தான் கேட்கிறார்கள். இந்தச் சிப்புகளை இப்போது யாரும் புதிதாகத் தயாரிப்பதில்லை. ஆகவே நல்ல நிலையிலுள்ள ஒரு சிப் தவறான கணிப்பால் கழற்றப்பட்டுக் கால் முறிந்து குப்பைக்குப் போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. பழுதுபார்ப்பவன் என்ற முறையில் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, எளியவை முதலிலும் சிக்கலானவை பிறகுமாக இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் நான்கு விடைகளைப் படித்தவர்களுக்குத்தான் மற்றவை முழுமையாகப் புரியும்.

1. இந்தப் பெட்டிக்குள் மொத்தம் எத்தனை சிப் இருக்கிறது? எது என்ன வேலை செய்கிறது?

பெரிய சிப்புகள் மூன்றுதான். முதலாவது 6507 என்ற செயலி. இது புகழ்பெற்ற 6502 செயலியின் சிறிய வடிவம். 40 கால்களுக்குப் பதிலாக 28 கால்கள் கொண்டது. 13 முகவரிக் கம்பிகள் மட்டுமே இருப்பதால் 8 கிலோபைட்டுக்கு மேல் இதனால் எட்டிப் பார்க்க முடியாது. இரண்டாவது டிஐஏ. படத்தையும் ஒலியையும் உண்டாக்கும் இந்த 40 கால் சிப்பை வடிவமைத்ததில் முதன்மையானவர் ஜே மைனர். பின்னாளில் அமிகா கணினிக்கும் இவரே காரணமாக இருந்தார். மூன்றாவது 6532 என்ற எண் கொண்ட ரையட். நினைவகம், உள்ளீட்டு வாயில்கள், நேரக் கணக்கி ஆகிய மூன்றும் இந்த ஒரே சிப்புக்குள் இருக்கின்றன.

ரையட்டுக்குள் இருக்கும் நினைவகம் 128 பைட். அது எவ்வளவு சிறியது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன்: இன்றைய யூடிஎஃப்-8 முறையில் 'வணக்கம்' என்ற சொல் 21 பைட் பிடிக்கும், ஆறு முறை எழுதினால் 126 பைட் ஆகிவிடும். அந்த இடத்துக்குள்தான் ஒரு விளையாட்டின் மதிப்பெண், உருவங்களின் இடம், மீதமுள்ள உயிர்கள் எல்லாம் அடங்கின. முழுத் திரையையும் சேமித்து வைக்க இடமே இல்லாததால், தொலைக்காட்சியின் ஒவ்வொரு கிடைக்கோடு வரையப்படும்போதும் செயலி டிஐஏவுக்கு அடுத்தது என்ன என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பழுதைக் கண்டுபிடிக்க இந்த உண்மை பிறகு மிகவும் உதவும்.

இவை தவிர, டிஐஏவிலிருந்து வரும் படச் சைகைகளைத் தாங்கி அனுப்பும் 4050 என்ற 16 கால் சிறு சிப்பும், 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டரும் உள்ளன. இவ்விரண்டும் இன்றும் சில ரூபாய்க்குக் கிடைப்பவை.

2. திரையில் எதுவுமே வரவில்லை. சிப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. முதலில் அடாப்டரைப் பாருங்கள். கன்சோலுக்கு வேண்டியது 9 வோல்ட் டிசி, 500 மில்லிஆம்பியர்; ஹெட்போன் முனை போன்ற 3.5 மில்லிமீட்டர் பிளக், நுனி பாசிட்டிவ். அமெரிக்காவிலிருந்து வந்த அடாப்டர் அங்குள்ள 120 வோல்ட்டுக்கானது. அதை இந்தியாவிலோ இலங்கையிலோ 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அடாப்டர் எரிந்துவிடும். சரியான அடாப்டர் இருந்தாலும் ஒரு எச்சரிக்கை: இந்த வகை பிளக், உள்ளே நுழையும்போது நுனியையும் உடலையும் ஒரு கணம் ஷார்ட் செய்யக்கூடும். ஆகவே பிளக்கைக் கன்சோலில் செருகிய பிறகே சுவரிலுள்ள சுவிட்சைப் போடுங்கள்.

அடுத்து 7805. மல்டிமீட்டரின் கருப்பு முனையை அதன் உலோகத் தகட்டிலும், சிவப்பு முனையை வெளியீட்டுக் காலிலும் வைத்தால் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். எழுத்துள்ள முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி வைத்தால் வெளியீடு வலப்பக்கக் கால். இங்கே 5 வோல்ட் இல்லையென்றால் சிப்பைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. பவர் சுவிட்சின் உட்புறத் தொடுமுனைகளும் காலப்போக்கில் துருவேறும். அடாப்டரைக் கழற்றிவிட்டு அதை இருபது முப்பது முறை மேலும் கீழும் தள்ளினால் பல நேரம் சரியாகிவிடும். விளையாட்டுக் கேசட்டின் செப்புப் பட்டைகளையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள். பஞ்சு கருத்து வரும். கருப்பு நிற்கும் வரை துடைக்க வேண்டும்.

3. "ரீசீட்" செய்து பார் என்கிறார்கள். அப்படியென்றால் என்ன? அதில் நிஜமாகவே பலன் உண்டா?

சாக்கெட்டில், அதாவது சிப்பின் கால்களைச் செருகும் துளைகள் கொண்ட தாங்கியில், உட்கார்ந்திருக்கும் சிப்பைக் கழற்றி, கால்களைச் சுத்தம் செய்து, மீண்டும் அதே இடத்தில் அழுத்தி வைப்பதுதான் அது. நான் சரிசெய்த பெட்டிகளில், புதுச் சிப்பால் உயிர்பெற்றவற்றைவிட இதனால் உயிர்பெற்றவையே அதிகம்.

காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். பழைய ரையட் ஒன்றை மெல்லத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பிடியுங்கள். சில சிப்புகளின் கால்கள் வெள்ளிப் பூச்சு உடையவை என்பதால், வெள்ளிக் கொலுசு கருப்பது போலவே அவையும் கருத்திருக்கும். சாக்கெட்டின் நாக்கு தொட்ட இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடு பளபளக்கும். அந்தக் கோட்டுக்கும் கருப்புப் படலம் பரவிவிட்டால் தொடர்பு அறுந்துவிடும். வெள்ளைப் பென்சில் ரப்பரால் ஒவ்வொரு வரிசையையும் இரு பக்கமும் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு திரும்ப வையுங்கள். கழற்றும் முறையை 6ஆம் விடையிலும் வைக்கும் முறையை 7ஆம் விடையிலும் சொல்லியிருக்கிறேன்.

4. மூன்றில் எது கெட்டது என்று சிப் டெஸ்டர் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

1977இல் கன்சோலோடு சேர்த்தே கொடுக்கப்பட்ட காம்பேட் என்ற டாங்கிச் சண்டை கேசட்டே போதும். அது இல்லையென்றால் வேறெந்த எளிய கேசட்டும் பயன்படும். எந்த வேலையை எந்தச் சிப் செய்கிறது என்று தெரிந்தால், கன்சோல் தன் நோயைத் தானே சொல்லும்.

ஜாய்ஸ்டிக்கின் நான்கு திசைகளையும், முன்புறமுள்ள செலக்ட், ரீசெட், கலர், டிஃபிகல்ட்டி சுவிட்சுகளையும் படிப்பது ரையட். சுடும் பொத்தானையும் திருகு கைப்பிடியான பேடிலையும் படிப்பது டிஐஏ. ஆகவே டாங்கி ஓடுகிறது ஆனால் சுடவில்லை என்றால் சந்தேகம் டிஐஏ மேல். சுடுகிறது ஆனால் ஓடவில்லை என்றால் ரையட் மேல். ஒலி கரகரத்தாலோ இரண்டில் ஒரு ஒலித்தடம் இல்லாமல் போனாலோ அதுவும் டிஐஏதான். ஒரு டாங்கி மட்டும் காணாமல் போவதும் அந்தச் சிப்பையே காட்டும், ஏனெனில் திரையில் நகரும் இரண்டு வீரர் உருவங்களும் இரண்டு குண்டுகளும் ஒரு பந்தும் டிஐஏவுக்குள் தனித்தனிச் சுற்றுகளாக இருக்கின்றன. விளையாட்டு தொடங்கிய சற்று நேரத்தில் தாறுமாறாகி உறைந்துபோனால் ரையட்டின் நினைவகத்தைச் சந்தேகிக்கலாம்; செயலி திரும்பி வர வேண்டிய முகவரிகளைக் குறித்து வைப்பதும் அந்த 128 பைட்டுக்குள்தான்.

நிலையாக நிற்காமல் செங்குத்துப் பட்டைகள் மட்டும் திரையில் தெரிந்தால் கவனமாகப் பாருங்கள். கிடைக்கோட்டு ஒத்திசைவை டிஐஏ தானே உண்டாக்கிக்கொள்ளும்; ஆனால் ஒரு முழுப் படம் முடிந்தது என்ற செங்குத்து ஒத்திசைவை நிரல் சொன்னால்தான் அது அனுப்பும். ஆகவே பட்டைகள் தெரிகின்றன, படம் உருள்கிறது என்றால் டிஐஏ ஓரளவு உயிரோடு இருக்கிறது, நிரல்தான் ஓடவில்லை என்று பொருள். அப்போது கேசட், கேசட் செருகும் இடம், 6507, ரையட் என்ற வரிசையில் தேட வேண்டும். முழுக் கருமை என்றால் மின்சாரம், டிஐஏ, தொலைக்காட்சிக்குச் செல்லும் கேபிள் என்ற வரிசையில் தேடுங்கள்.

5. ஜாய்ஸ்டிக்கில் இடப்பக்கம் மட்டும் போகவில்லை. ரையட்டை மாற்றிவிடலாமா?

அந்த ஜாய்ஸ்டிக்கை வலப்பக்க வாயிலில் செருகிப் பாருங்கள். அங்கும் இடப்பக்கம் போகவில்லை என்றால் பழுது ஜாய்ஸ்டிக்கில்தான் இருக்கிறது. அதைத் திறந்தால் உள்ளே நெளிந்துபோன சிறு உலோகக் குமிழ் ஒன்று கிடைக்கும். அங்கே நன்றாக வேலை செய்தால் மட்டும் கன்சோலைத் திறக்க வேண்டும்.

திறந்த பிறகும் உடனே சிப்பைக் கழற்றாதீர்கள். இடப்பக்க வாயிலின் 3ஆம் பின் 'இடது' திசைக்கானது; அது ரையட்டின் 14ஆம் காலுக்குப் போகிறது. மேல், கீழ், இடது, வலது ஆகிய நான்கும் முறையே வாயிலின் 1, 2, 3, 4 ஆகிய பின்களிலிருந்து ரையட்டின் 12, 13, 14, 15 ஆகிய கால்களுக்குச் செல்கின்றன; வலப்பக்க வாயிலுக்கு அது 8 முதல் 11 வரை. மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (கம்பி அறுபடாமல் இருந்தால் சத்தமிடும் நிலையில்) வைத்து இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். சத்தம் வரவில்லை என்றால் வாயிலின் அடியில் டிரை சால்டர், அதாவது பிடிப்பு விட்ட ஈய ஒட்டு, இருக்கும். பல ஆண்டுகள் பிளக்கை இழுத்துச் செருகியதில் ஈயம் வளையமாக விரிசல் விட்டிருப்பதை உருப்பெருக்கியில் பார்க்கலாம். அதை மறுபடி சூடாக்கி ஈயம் விட்டாலே போதும். கம்பி நன்றாக இருந்து, ஓய்வில் 5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டிய அந்தக் கால் எப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே நின்றால் மட்டுமே ரையட் குற்றவாளி. விரலிலிருந்து பாயும் நிலைமின்சாரம் வாயில் வழியாக நேரே சிப்புக்குள் செல்லும் என்பதால் இப்படி ஒரே ஒரு கால் மட்டும் கெடுவது உண்டு.

6. பெட்டியைத் திறந்து சிப்பைச் சேதமில்லாமல் எப்படி எடுப்பது?

அடாப்டரைக் கழற்றிவிட்டு, அடிப்புறத் திருகுகள் நான்கையும் எடுத்தால் மேல்மூடி வந்துவிடும். முன்புறம் ஆறு சுவிட்சு உள்ள பழைய பெட்டிகளில் சுவிட்சுப் போர்டும் முதன்மைப் போர்டும் தனித்தனியாக இருந்து ஒரு பட்டைக் கேபிளால் இணைந்திருக்கும். முதன்மைப் போர்டு கனமான அலுமினியக் கூட்டுக்குள் இருக்கும். 1980இல் வந்த நான்கு சுவிட்சு வகையில் எல்லாம் ஒரே போர்டு, மேலே மெல்லிய தகடு. தகட்டை எடுத்ததும் சிப்புகளின் ஒரு முனையிலுள்ள சிறு பள்ளமான வெட்டுக்குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்துவிடுங்கள். போர்டைத் தொடும் முன் உலோகத் தகட்டைக் கையால் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

தட்டையான சிறு ஸ்க்ரூடிரைவரைச் சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகி, ஒரு முனையை அரை மில்லிமீட்டர் தூக்கி, பிறகு மறு முனையை அதே அளவு தூக்கி, மாறி மாறிச் செய்யுங்கள். சாக்கெட்டுக்கும் போர்டுக்கும் நடுவே செருகினால் போர்டிலுள்ள செப்புக் கோடுகள் அறுபடும். ஒரே முனையைப் பிடித்து நெம்பினால் மறுமுனையின் கடைசி இரண்டு கால்கள் மடங்கும். மடங்கிய காலை ஒருமுறை நேராக்கலாம். இரண்டாம் முறை முறிந்துவிடும்.

7. புதுச் சிப்பை வைக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

வெட்டுக்குறியின் பக்கம் முதலில். தலைகீழாக வைத்து மின்சாரம் கொடுத்தால் சிப் பாழாகலாம். இரண்டாவதாக, டிஐஏவும் ரையட்டும் 40 கால் உடையவை, ஒரே அளவினவை. சுத்தம் செய்வதற்காக இரண்டையும் ஒன்றாகக் கழற்றியவர்கள் இடம் மாற்றி வைத்துவிடுகிறார்கள். அட்டாரியின் சொந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: டிஐஏ சிஓ10444, ரையட் சிஓ10750, செயலி சிஓ10745.

புதுச் சிப்பின் கால்கள் சற்று வெளிப்புறம் விரிந்திருக்கும். மேசைமேல் பக்கவாட்டில் வைத்து, ஒரு வரிசைக் கால்கள் முழுவதையும் சேர்த்து மெல்ல அழுத்தி நேராக்கிய பிறகே சாக்கெட்டில் வையுங்கள். அழுத்தி முடித்ததும் குனிந்து இரு பக்கமும் பாருங்கள். ஏதாவது ஒரு கால் துளைக்குள் போகாமல் சிப்பின் வயிற்றுக்கடியில் மடங்கிப் படுத்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. மாற்றிய சிப் வேலை செய்யவில்லை என்று வந்த பெட்டிகளில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மூடியைத் திருகும் முன் ஓடவிட்டுச் சோதியுங்கள்.

8. என் போர்டில் சாக்கெட்டே இல்லை, சிப்பை நேரடியாகச் சால்டர் செய்திருக்கிறார்கள். என்ன செய்வது?

4ஆம் விடையின்படி சிப் கெட்டது உறுதி என்றால் அதைக் காப்பாற்ற முயல வேண்டாம், போர்டைக் காப்பாற்றுங்கள். கூரான கட்டரால் எல்லாக் கால்களையும் உடலை ஒட்டி வெட்டி, உடலை எடுத்துவிட்டு, மீந்து நிற்கும் கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி இடுக்கியால் உருவுங்கள். பிறகு துளைகளில் எஞ்சிய ஈயத்தைச் சக்கர் என்ற ஈய உறிஞ்சியால் எடுங்கள். சால்டரிங் அயர்ன் ஏறக்குறைய 350 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும்; ஒரே இடத்தில் மூன்று நான்கு விநாடிக்கு மேல் நிற்க வேண்டாம். கிரவுண்ட் காலைச் சுற்றிப் பெரிய செப்புப் பரப்பு இருப்பதால் அது மட்டும் சூட்டை இழுத்துக்கொண்டு அடம்பிடிக்கும். அங்கே கொஞ்சம் புது ஈயமும், ஈயம் நன்கு பரவ உதவும் ஃப்ளக்ஸ் பசையும் சேர்த்தால் பழைய ஈயம் எளிதில் உருகும். டிஐஏவிலும் ரையட்டிலும் கிரவுண்ட் 1ஆம் கால், 5 வோல்ட் 20ஆம் கால். 6507இல் கிரவுண்ட் 2ஆம் கால், 5 வோல்ட் 4ஆம் கால்.

புதுச் சிப்பை நேரடியாகச் சால்டர் செய்யாமல் ஒரு நல்ல சாக்கெட்டை வைத்துவிடுங்கள். சால்டர் செய்த நல்ல சிப்பைச் சோதனைக்காக மட்டும் எடுப்பதை, பழக்கமில்லாதவர்கள் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். முதலில் பழைய ரேடியோ போர்டு எதிலாவது கை பழகட்டும்.

9. மாற்றுச் சிப் எங்கே கிடைக்கும்? போலி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

7805, 4050, சாக்கெட் ஆகியவற்றைச் சென்னை ரிச்சி தெரு போன்ற எந்த எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியிலும் வாங்கிவிடலாம். மற்ற மூன்றும் வேறொரு பழைய எந்திரத்திலிருந்துதான் வர வேண்டும். 6507உம் 6532உம் அட்டாரியின் 810, 1050 என்ற வட்டு இயக்கிகளிலும் இருக்கின்றன. 6532 காட்லீப் நிறுவனத்தின் சிஸ்டம் 80 வகைப் பின்பால் எந்திரங்களிலும் பயன்பட்டது. ராக்வெல், சைனர்டெக் போன்ற வேறு நிறுவனங்களும் அதைத் தயாரித்ததால் ஓரளவு எளிதாகக் கிடைக்கிறது. டிஐஏதான் அரிது. பழைய கேசட்டுகளையும் ஓட்டக்கூடிய அட்டாரி 7800 கன்சோலுக்குள் ஒரு டிஐஏவும் ஒரு ரையட்டும் இருக்கின்றன. வேறு காரணத்தால் இறந்துபோன 7800 கிடைத்தால் அது நல்ல கொடையாளி. ஓடுகிற 7800ஐ உடைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

சிப்பின் முதுகில் நான்கு இலக்கத் தேதிக் குறி இருக்கும். 8214 என்றால் 1982ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். இணையத்தில் வாங்கிய ஒரு 6532 புத்தம்புதிது போல் மின்னியது. அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்ததும் எழுத்து முழுவதும் கரைந்து, அடியில் உப்புக்காகிதம் தேய்த்த கீறல்கள் தெரிந்தன. வேறு ஏதோ ஒரு சிப்பின் எழுத்தை அழித்து எழுதியிருந்தார்கள். ஆகவே கால்களில் பழைய ஈயத் தடம் தெரியும், கழற்றியதென்று ஒப்புக்கொண்டு விற்கப்படும் சிப்பையே நான் அதிகம் நம்புகிறேன்.

10. 6507 கிடைக்கவில்லை. 6502 என்னிடம் இருக்கிறது, அதை வைக்கலாமா?

நேரடியாக முடியாது, 1ஆம் விடையில் சொன்னபடி கால்களின் எண்ணிக்கையே வேறு, வரிசையும் வேறு. உள்ளே இருக்கும் செயலி ஒன்றே என்பதால், கால்களை மாற்றி இணைக்கும் ஒரு சிறு போர்டு செய்துகொண்டால் ஓடும். அப்போது 6507இல் இல்லாத இரண்டு குறுக்கீட்டு (இன்டரப்ட்) கால்களையும் 5 வோல்ட்டுக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாக இழுத்துக் கட்ட வேண்டும். அந்தரத்தில் விட்டால் நிரல் எங்கோ தாவிப் போகும். மேல் மூன்று முகவரிக் கால்களையும் இணைப்பில்லாமல் விட்டுவிடலாம்.

11. 6507ஐ மாற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. புதுச் சிப்பும் கெட்டதா?

பெரும்பாலும் இரண்டுமே நல்லவை. செயலிக்குத் துடிப்புக் கொடுப்பது டிஐஏ. அமெரிக்கப் பெட்டியில் 3.579545 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் துடிப்பை டிஐஏ மூன்றால் வகுத்து, ஏறக்குறைய 1.19 மெகாஹெர்ட்ஸாக 6507இன் 27ஆம் காலுக்கு அனுப்புகிறது. டிஐஏ அதை அனுப்பாவிட்டால் எத்தனை செயலி மாற்றினாலும் அசையாது. லாஜிக் புரோப் என்ற, துடிப்பை விளக்கால் காட்டும் சோதனைக் கருவியை அந்தக் காலில் வைத்துத் துடிக்கிறதா என்று பாருங்கள்.

துடித்தால் 3ஆம் காலுக்கு வாருங்கள். ஒரு கோடு முடியும் வரை செயலியை நிறுத்தி வைக்க டிஐஏ பயன்படுத்தும் கம்பி அது. எப்போதும் தாழ்ந்தே நின்றால் செயலி நிரந்தரமாகக் காத்துக்கொண்டே இருக்கும்; அந்தப் பழியும் பெரும்பாலும் டிஐஏவையே சேரும். 1ஆம் கால் ரீசெட். பவர் போட்டதும் ஒரு கணத்தில் 5 வோல்ட்டுக்கு ஏறி அங்கேயே நிற்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தும் முகவரிக் கால்களில் அசைவே இல்லையென்றால் மட்டும் 6507ஐச் சந்தேகியுங்கள். என் அனுபவத்தில் மூன்றில் மிகவும் உறுதியானது அதுதான்.

12. அமெரிக்கக் கன்சோலின் டிஐஏவை ஐரோப்பியக் கன்சோலில் வைத்தால் ஓடுமா?

படம் வந்தாலும் நிறம் சரியாக வராது. அமெரிக்கத் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சிக்குரிய டிஐஏவின் எண் சிஓ10444. ஐரோப்பாவில் பரவலான பால் (PAL) முறைக்கானது சிஓ11903. நிறச் சைகையை உண்டாக்கும் விதமே இரண்டுக்கும் வேறு. முதலாவது 128 நிறங்கள் தரும், இரண்டாவது 104. கிரிஸ்டலின் அதிர்வெண்ணும் வேறு.

இதில் பலரைக் குழப்பும் ஒன்று உண்டு. ஒரு படத்துக்கு எத்தனை கோடுகள் என்பதைச் சிப் முடிவு செய்வதில்லை. 4ஆம் விடையில் சொன்னபடி செங்குத்து ஒத்திசைவு நிரலின் கையில் இருப்பதால், அதைக் கேசட்தான் முடிவு செய்கிறது. ஆகவே ஐரோப்பியக் கேசட்டை அமெரிக்கப் பெட்டியில் போட்டால் 312 கோட்டுப் படம் அமெரிக்க நிறங்களோடு வரும். சில தொலைக்காட்சிகளில் உருளும். அது பழுதல்ல.

13. படம் நன்றாக இருக்கிறது, ஒலி மட்டும் இல்லை. டிஐஏ போய்விட்டதா?

கன்சோல் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். இந்தியாவிலுள்ள அனலாக் தொலைக்காட்சிகள் பால்-பி முறையைச் சேர்ந்தவை. அதில் ஒலி, படத்திலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும். பிரிட்டனில் அது 6 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 4.5. லண்டனிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டியை இங்குள்ள பழைய தொலைக்காட்சியில் இணைத்தால், நிறத்தோடு படம் வந்து ஒலி மட்டும் வராமல் இருப்பதற்கு இதுவே காரணம். பல முறைகளையும் ஏற்கும் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்த பிறகே டிஐஏவைக் குறை சொல்ல வேண்டும். அமெரிக்கப் பெட்டியில் நிறமும் சேர்ந்தே போய்விடும்.

14. நிறம் வரவில்லை, அல்லது தவறாக வருகிறது. இதற்கும் அதே விடைதானா?

பாதி அதுவே. மீதியில் முதலாவது, முன்புறச் சுவிட்சு கருப்பு-வெள்ளையில் நிற்கிறதா என்று பார்ப்பது; இதை மறந்து பெட்டியையே அனுப்பி வைத்தவர்கள் உண்டு. இரண்டாவது, போர்டிலுள்ள நிறத் திருத்தி. அது ஸ்க்ரூடிரைவரால் திருகக்கூடிய ஒரு சிறு பொட்டென்ஷியோமீட்டர். இப்போது நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, மிக மெல்லத் திருப்பிப் பாருங்கள். பச்சையாக இருக்க வேண்டிய காடு நீலமாகத் தெரிவதெல்லாம் இதிலேயே சரியாகிவிடும்.

வெளிச்ச வேறுபாடு குறைந்து படம் தட்டையாகத் தெரிந்தால் 4050ஐ மாற்றுங்கள். அதில் மின்சாரக் கால் 16 அல்ல, 1, கிரவுண்ட் 8. இது தெரியாமல் 16ஆம் காலில் அளந்துவிட்டு மின்சாரமே வரவில்லை என்பவர்கள் பலர். இதற்குப் பிறகும் தீரவில்லை என்றால்தான் டிஐஏ.

15. டிஐஏ மாற்றிய பிறகு எல்லாம் சரி, ஆனால் காஸ்மிக் ஆர்க் விளையாட்டில் மட்டும் பின்னணி நட்சத்திரங்கள் வேறு மாதிரி இருக்கின்றன. போலிச் சிப்பா?

இருக்க வேண்டியதில்லை. இமேஜிக் நிறுவனம் 1982இல் வெளியிட்ட அந்த விளையாட்டின் நட்சத்திரங்கள் டிஐஏவின் முறையான வசதியால் வரைந்தவை அல்ல. உருவங்களை நகர்த்தும் சுற்றை எதிர்பாராத நேரத்தில் குறுக்கிட்டால் ஏற்படும் பிழையிலிருந்து பிறந்தவை. ஒரே எண் கொண்ட டிஐஏக்களிலும் தயாரிப்புக்குத் தயாரிப்பு அந்தப் பிழை கொஞ்சம் மாறும். 128 பைட்டுக்குள் வானத்தையே கொண்டுவர வழி கண்ட அந்த நிரலாளரின் கூர்மையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. மற்ற விளையாட்டுகள் சரியாக ஓடினால் சிப்பை அப்படியே விட்டுவிடுங்கள்.

16. என்னுடையது ஜூனியர். அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

1986இல் வந்த சிறிய ஜூனியரில் அதே மூன்று சிப்புகள்தான். பெரும்பாலும் சால்டர் செய்தே இருக்கும் என்பதால் 8ஆம் விடை பொருந்தும். கடைசிக் காலத்துச் சில போர்டுகளில் மூன்றும் ஒரே சிப்பாக இணைந்திருக்கின்றன. அது கெட்டால் இன்னொரு ஒற்றைச் சிப் போர்டிலிருந்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

17. அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு உறைந்துவிடுகிறது. எந்தச் சிப்?

சூட்டினால் வரும் பழுது. உறைந்த நிலையிலேயே 7805இன் வெளியீட்டை அளந்து பாருங்கள், 4.75க்குக் கீழே சரிந்திருந்தால் அதையும் அருகிலுள்ள 2200 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் மாற்றுங்கள். மின்னழுத்தம் சரியாக இருந்தால், எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் குளிரூட்டும் ஸ்ப்ரேயை மூன்று சிப்புகளின் மேலும் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு அடியுங்கள். எதைக் குளிர்வித்த பிறகு ரீசெட்டில் மீண்டும் ஓடுகிறதோ அதுவே நோயாளி. இந்த வகைச் சிப்புகள் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. விரலை ஐந்து விநாடி வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

18. கழற்றிய பழைய சிப்பைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். 5ஆம் விடையில் சொன்னது போல ஒரே ஒரு கால் கெட்ட ரையட்டின் நினைவகமும் நேரக் கணக்கியும் முழு நலத்தோடு இருக்கும். வலப்பக்க வாயிலின் ஒரு திசை மட்டும் போன ரையட், ஒருவர் மட்டும் விளையாடும் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் உழைக்கும். பேடிலைப் படிக்காத டிஐஏவும் அப்படியே. அதைவிட முக்கியமாக, இன்னொரு பெட்டியில் பழுது எந்தச் சிப்பில் என்று உறுதி செய்ய, அரைகுறையாக ஓடும் சிப்பையே முதலில் வைத்துப் பார்க்கலாம். அந்தப் போர்டில் மின்சாரக் கோளாறு இருந்தால் நல்ல சிப் பலியாகாது.

என் மேசையில் கருப்பு நுரைப்பஞ்சில் குத்திய பதினொரு சிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சிறு ஒட்டுத்தாள்: "வலது வாயில், கீழ் திசை இல்லை", "ஒலித்தடம் 1 இல்லை", "சூடானால் உறையும்". நுரைப்பஞ்சு மின்கடத்தும் வகையாக இருக்க வேண்டும். பேக்கிங்கில் வரும் வெள்ளைத் தெர்மோகோலில் குத்தி வைத்தால் நிலைமின்சாரத்தால் மிச்சமும் போய்விடும்.